டிராக்கன்ஸ்பர்க் மலைப்பூவை அடையாளம் காண: முதலில் திருப்பிப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடருக்குப் போய் வருகிறவர்களின் போனில் அருவிக்கு அடுத்தபடி அதிகம் இருப்பது பூப்படம். சுற்றிலும் வெள்ளையோ ரோஸோ, நடுவில் மஞ்சள். படத்துக்குக் கீழே ‘டெய்சி’ என்று ஒரு வரி. தப்பில்லை. ஆனால் டெய்சி என்பது ஒரு பூவின் பெயரல்ல, ஒரு பெருங்குடும்பத்தின் அடையாளம். ஆஸ்டரேசி என்கிற அந்தச் சூரியகாந்திக் குடும்பத்தில் உலகம் முழுக்க 25,000 இனங்களுக்கு மேல் உண்டு. சானி கணவாய்ப் பக்கம் கோடையில் ஒரு சரிவை ஏறி முடிப்பதற்குள் அதில் பத்துப் பன்னிரண்டு கண்ணில் பட்டுவிடும். மேலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு எது எது என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்களே உதட்டைப் பிதுக்குவார்கள்.

இந்தக் கட்டுரை தாவரவியல் படிக்காதவர்களுக்கு. வேலைக்காகப் புதிதாக இங்கே வந்தவர்களுக்கும், நாலு தலைமுறையாக டர்பனில் இருந்தும் மலைப்பக்கம் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். எல்லாப் பூவையும் பார்க்கப் போவதில்லை. ஹெலிகிரைசம் என்ற ஒரு பேரினத்தைப் பிடித்துக்கொள்வோம். பெரும்பாலும் பல ஆண்டு வாழும் செடிகள், மலையில் வளர்பவை உயரத்துக்குப் பழகியவை. தென்னாப்பிரிக்காவில் மட்டும் இதில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. இங்கே ஆங்கிலத்தில் எவர்லாஸ்டிங் என்பார்கள், ஆப்பிரிக்கான்ஸில் சேவயார்கி என்பார்கள். இதைச் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொண்டால் மற்ற டெய்சிகளைப் பிரித்துவிடுவது சுலபம்.

வீட்டில் ஒரு செண்டுப்பூவோடு ஆரம்பியுங்கள்

மலைக்குப் போவதற்கு முன்னால் 10 மடங்கு பெரிதாக்கும் சின்ன மடக்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அதே லென்ஸ்தான். விலை உயர்ந்தது தேவையில்லை. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு பூவைத்தான் கிட்டே கொண்டுவர வேண்டும். புதியவர்கள் பூதக்கண்ணாடி மாதிரி கையை நீட்டிப் பிடித்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள்.

பூஜைக்கு வாங்கிய செண்டுப்பூ ஒன்றை எடுங்கள். காவடி சமயத்தில் டர்பனில் இதற்குப் பஞ்சமே இல்லை. முற்றிய பூவிலிருந்து ஒரு ‘இதழை’ மெதுவாக உருவினால் அடியில் ஊசி போலக் கறுப்பாக ஒன்று சேர்ந்து வரும். அது விதையோடு கூடிய கனி. விதை தாங்குவது முழுப்பூவின் வேலை, வெறும் இதழின் வேலையல்ல. அப்படியென்றால் நீங்கள் உருவியது இதழல்ல, ஒரு தனிப் பூ. செண்டுப்பூ என்று நாம் ஒருமையில் சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறுமலர்கள் ஒரு தட்டில் நெருக்கி உட்கார்ந்த கூட்டம். பள்ளிப் புத்தகத்தில் சிரமஞ்சரி என்று படித்திருப்பீர்கள். நான் பூத்தலை என்றே எழுதுகிறேன், வாயில் நுழைகிறது.

ஒரு பூத்தலையில் மூன்று இடங்கள் உண்டு. வெளிச்சுற்றில் நாக்குப் போல நீண்ட கதிர்ச் சிறுமலர்கள். நடுவில் குழாய் போன்ற தட்டுச் சிறுமலர்கள். அடியில், மொத்தத்தையும் தாங்கிப் பிடிக்கிற பூவடிச் செதில்கள். எல்லாப் பூத்தலையிலும் மூன்றும் இருக்காது. ஒரு குடும்பத்துக்குள் ஆளை ஆள் பிரித்துச் சொல்ல உதவுவது அந்த வித்தியாசம்தான்.

அதே பூவைக் கத்தியால் மேலிருந்து கீழாக இரண்டாக வெட்டிப் பாருங்கள். அப்புறம் கடற்கரை மணல்மேட்டில் படர்ந்திருக்கும் கசானியா என்ற டெய்சியைக் குனிந்து பாருங்கள். இந்த இரண்டும் போதும், பயிற்சி முடிந்தது.

இதழ் போல இருப்பது இதழல்ல

இப்போது ஹெலிகிரைசத்துக்கு வருவோம். சுற்றிலும் பளபளப்பாக வெள்ளை, ரோஸ் அல்லது மஞ்சள் வரிசை தெரியும். பார்த்தவுடன் கதிர்ச் சிறுமலர் என்றுதான் தோன்றும். விரலால் லேசாக வருடுங்கள். காய்ந்த தாள் மாதிரி சரசரக்கும். ஈரப்பசையே இருக்காது. பூத்தலையைக் காம்போடு சாய்த்து அடிப்பக்கம் பாருங்கள். மேலே தெரிந்த வெள்ளை வரிசை அடியிலிருந்தே தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஓடு வேய்ந்தது போல அடுக்கடுக்காக மேலேறி வருவது தெரியும். கீழ் அடுக்கு சிறியது, மேல் அடுக்கு நீளமானது. அத்தனையும் பூவடிச் செதில்கள். ஹெலிகிரைசத்தில் கதிர்ச் சிறுமலரே கிடையாது. இதழின் வேலையைச் செதில் பார்க்கிறது.

ஊரில் வாடாமல்லி கட்டியவர்களுக்கு இது புதிதல்ல. வாடாமல்லி வேறு குடும்பம், கீரை வகைக்குச் சொந்தம். ஆனால் அதிலும் கலர் காட்டுவது காய்ந்த தாள் போன்ற செதில்தான், அதனால்தான் மாலை நாள்கணக்கில் நிறம் மாறாமல் இருக்கிறது. இரண்டு குடும்பங்கள் தனித்தனியாக ஒரே உபாயத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

சரி, உண்மையான பூக்கள் எங்கே? நடுவில் இருக்கும் மஞ்சள் பொட்டு முழுக்க அவைதான். லென்ஸ் வைத்துப் பாருங்கள், நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், இந்தப் பயணத்திலேயே சுவையான இடம் இதுதான். ஓரத்தில் நூல் போல மெலிந்த சிறுமலர்கள் இருக்கும். இவை பெண் பூக்கள். அவற்றுக்கு உள்ளே ஐந்து முனையோடு கூடிய குழாய்ப் பூக்கள். இவற்றில் ஆண் பகுதியும் பெண் பகுதியும் சேர்ந்தே இருக்கும். ஐந்து மகரந்தப்பைகளும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு ஒரு குழலாக நிற்கும், மகரந்தம் அந்தக் குழலுக்குள்ளே கொட்டும். பிறகு சூல்தண்டு உள்ளிருந்து வளர்ந்து அந்தத் தூளை மேலே தள்ளிக்கொண்டு வரும். தூளையெல்லாம் வண்டும் ஈயும் தேனீயும் கொண்டுபோன பிறகு, அதே தண்டின் நுனி இரண்டாகப் பிளந்து வேறொரு பூவின் மகரந்தத்துக்குக் காத்திருக்கும். முதலில் ஆண், பிறகு பெண்.

இது ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வரிசையாக நடக்கிறது. அதனால் ஒரே பூத்தலையில் மூன்று பருவத்தையும் பார்க்கலாம். வெளி வளையத்தில் பிளந்த நுனிகள், அடுத்த வளையத்தில் மஞ்சள் தூள், நடுவில் இன்னும் திறக்காத மொட்டு. நடுவரைக்கும் திறந்துவிட்டால் அந்தத் தலை வயதானது என்று அர்த்தம்.

ஒவ்வொரு சிறுமலரின் அடியிலும், சூலகத்தின் உச்சியிலிருந்து மெல்லிய முடிகள் கிளம்பும். இதற்குப் பாப்பஸ் என்று பெயர். கனி முற்றியதும் காற்றில் தூக்கிக்கொண்டு போவது இதுதான். பாப்பஸ் இருக்கிறதா, இருந்தால் முடியா செதிலா என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பெயர் தேடும்போது பாதி வேலை அதிலேயே முடியும்.

இன்னொரு சங்கதி. மூடுபனி இறங்கும்போதும் மழையிலும் இந்தச் செதில்கள் மேல்நோக்கி மடங்கிப் பூத்தலையை மூடிக்கொள்ளும். வெயில் வந்தால் விரியும். செதிலின் அடிப்பகுதி ஈரத்தை உறிஞ்சினால் ஒரு பக்கம் மட்டும் நீள்கிறது, காய்ந்தால் சுருங்குகிறது, அவ்வளவுதான். இதற்கு உயிர் தேவையில்லை. நம்பிக்கை இல்லையென்றால் பூக்கடையில் உலர்பூங்கொத்தில் விற்கும் ஸ்ட்ராஃபிளவர் ஒன்றை வாங்கித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அது ஆஸ்திரேலியச் செடி, முன்பு ஹெலிகிரைசம் பேரினத்திலேயே வைத்திருந்தார்கள். எப்போதோ செத்த பூ, கண்முன்னே மூடிக்கொள்ளும். காயவைத்தால் திரும்பத் திறக்கும். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வேடிக்கை கிடையாது.

இலையும் வேரும்

பூ இல்லாத மாதத்திலும் செடியைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் இலையைப் பாருங்கள். பெரும்பாலான மலை ஹெலிகிரைசங்களின் இலை சாம்பல் அல்லது வெள்ளி நிறத்தில் இருக்கும். நிறம் இலையினுடையதல்ல, அதை மூடியிருக்கும் பஞ்சு முடியினுடையது. மேலே வெயில் கடுமை, புற ஊதாக் கதிர் அதிகம், காற்று ஓயாது, இரவில் உறைபனி. முடிப் படலம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, இலையை ஒட்டி அசையாத காற்றைப் பிடித்து வைத்து நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. இலையின் இரண்டு பக்கமும் முடி இருக்கிறதா, அடியில் மட்டுமா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இனத்துக்கு இனம் இது மாறும்.

பல ஆண்டுச் செடியா, ஓராண்டுச் செடியா என்று தெரிந்துகொள்ள வேரைப் பிடுங்க வேண்டியதில்லை. அடியில் போன வருடத்துக் காய்ந்த இலைகள் கத்தையாக ஒட்டியிருக்கும். பழைய பூத்தண்டின் கறுத்த குச்சி நிற்கும். தண்டு மண்ணைத் தொடும் இடம் கட்டை போல இருக்கும். புல்வெளியில் வாழும் இனங்களுக்கு இந்தக் கட்டைதான் உயிர்நாடி. குளிர்காலக் கடைசியில் புல் எரிந்து மேலே எல்லாம் கருகினாலும், மண்ணோடு ஒட்டிய மொட்டுகள் பிழைத்து வசந்தத்தில் துளிர்க்கும். கரிப்பிடித்த தரையில் ரோஸ் பூ நிற்பதைப் பார்த்தால் யாரோ நட்டுவைத்ததாக நினைத்துவிடாதீர்கள்.

எந்தெந்த இனம்

ஆரம்பத்துக்கு நாலு போதும்.

ஹெலிகிரைசம் எக்லோனிஸ்: புல்வெளியில் பெரிய ஒற்றைப் பூத்தலை, நீண்ட பஞ்சுத் தண்டின் நுனியில். செதில் வெள்ளையிலிருந்து அடர்ந்த ரோஸ் வரை போகும், நல்ல பளபளப்பு. இலைகள் தரையோடு வட்டமாக விரிந்து கிடக்கும். வசந்தம் தொட்டுக் கோடைத் தொடக்கம் வரை பார்க்கலாம். எக்லோன் என்பது 19-ஆம் நூற்றாண்டில் இங்கே செடி சேகரித்த டேனிஷ்காரரின் பெயர்.

ஹெலிகிரைசம் அடினோகார்ப்பம்: இதுவும் ரோஸ் அல்லது சிவப்பு, அதனால் மேலே சொன்னதோடு குழம்புவார்கள். தலை சிறியது, தண்டு நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்து எழும், ஈரமான புல்தரை பிடிக்கும். பூக்கும் காலமும் பிந்தியது, ஜனவரிக்குப் பிறகு தேடுங்கள்.

ஹெலிகிரைசம் மில்ஃபோர்டியே: என் கணக்கில் இந்த மலையின் ராணி இதுதான். மலையின் மேல்விளிம்பில், பசால்ட் என்ற எரிமலைப் பாறைமேல் வெள்ளி மெத்தையாகப் படர்ந்திருக்கும். இலைகள் நகக்கண் அளவு, நெருக்கமான சிறு வட்டங்களாக அடுக்கியிருக்கும், தொட்டால் பட்டு. இப்படித் தரையோடு ஒட்டிக்கொண்டால் காற்று அடிக்காது, மெத்தைக்குள் சூடும் தங்கும். பூத்தலை வெள்ளை, ஆனால் செதிலின் வெளிப்பக்கம் சிவப்புச் சாயம். மூடியிருக்கும்போது சிவந்த மொட்டாகவும், வெயிலில் விரிந்ததும் வெள்ளைப் பூவாகவும் தெரியும். காலையில் ஒரு படம், நண்பகலில் ஒரு படம் எடுத்துக் காட்டினால் இரண்டும் ஒரே செடி என்று நம்பமாட்டார்கள்.

நாலாவது, ஹெலிகிரைசம் ஒடொராட்டிசிமம். பூத்தலை மிகச் சின்னது, மஞ்சள், கொத்துக் கொத்தாக இருக்கும். இலையைக் கசக்கினால் கமகமவென்று வாசம். இதுதான் ஜுலுக்கள் முன்னோரை அழைக்கக் கொளுத்தும் இம்பெபோ. மலையேறாமலே பார்க்க ஆசையென்றால் டர்பன் வார்விக் சந்தையில் மூலிகை விற்கும் அம்மாக்களிடம் காய்ந்த கட்டாகக் கிடைக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சந்தின் வாசம் அந்நியமாகத் தோன்றாது.

ஏமாற்றும் சொந்தக்காரர்கள்

கசானியா கிரெப்சியானா: ஆரஞ்சு அல்லது மஞ்சள், கதிர்களின் அடியில் கரும்பொட்டு. இதில் சுற்றியிருப்பது நிஜமான கதிர்ச் சிறுமலர்தான், மெத்தென்று இருக்கும். பூவடிச் செதில்கள் ஒட்டி ஒரே கிண்ணமாகிவிட்டன. அந்தக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

டிமார்ஃபோதீகா ஜுகுண்டாவில் ஊதா கலந்த ரோஸ் கதிர்கள், பாப்பஸ் கிடையாது. செனீசியோ வகைகளில் செதில்கள் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில், பச்சையாக நிற்கும், பாப்பஸ் வெள்ளைப் பட்டு. பல செனீசியோக்கள் மாட்டுக்கும் மனிதருக்கும் ஈரலைக் கெடுக்கும் நஞ்சுள்ளவை, ‘மூலிகை’ என்று வாயில் வைத்துவிடாதீர்கள். பெர்க்கேயாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், செதிலிலும் இலையிலும் முள், தொட்டவுடன் தெரிந்துவிடும்.

போகும் வழி

ஊரில் மார்கழிக் குளிர் அடிக்கும்போது இங்கே நடுக்கோடை. கார்த்திகை தொட்டு மாசி வரை மலைப்பூவுக்கு நல்ல காலம். இன்னொன்றும் தலைகீழ்: இங்கே தெற்குப் பார்த்த சரிவுதான் குளிர்ச்சியும் ஈரமும், வடக்குப் பார்த்தது வெயில். ஈரம் தேடும் இனத்தைத் தெற்குச் சரிவில் தேடுங்கள்.

மில்ஃபோர்டியேவைப் பார்க்க எளிய வழி சானி கணவாய். டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி, ஹோவிக் பக்கம் பிரிந்து ஆர்617 வழியாக அண்டர்பர்க், சுமார் 200 கிலோமீட்டர். அங்கிருந்தோ ஹிம்வில்லிலிருந்தோ ஃபோர்-வீல் டிரைவ் வண்டி வேண்டும். சொந்தமாக இல்லாதவர்களை அழைத்துப்போகப் பயண நிறுவனங்கள் இருக்கின்றன. உச்சி சுமார் 2870 மீட்டர். அது லெசோத்தோ என்ற தனி நாட்டின் மண், ஆகவே பாஸ்போர்ட் இல்லாமல் கிளம்பாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் வந்தவர்கள் லெசோத்தோ விசா விதியையும், தங்கள் தென்னாப்பிரிக்க விசாவில் திரும்பி நுழைய முடியுமா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மாலையில் எல்லைக் கதவு மூடிவிடும், நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு மேலே ஏறுங்கள்.

எல்லை தாண்ட விருப்பமில்லாதவர்களுக்குக் கீழ்ச் சரிவுகளே போதும். கதீட்ரல் பீக், ஜயன்ட்ஸ் காஸில், கார்டன் காஸில் எல்லாவற்றிலும் எக்லோனிஸ் மாதிரி புல்வெளி இனங்களைத் தேடலாம்.

கோடையில் பிற்பகல் என்றால் இடி மின்னல் சகஜம். காலை சீக்கிரம் ஏறி, மேகம் திரளும் முன் இறங்குவது நல்லது. ஆனால் ரொம்பச் சீக்கிரம் போனால் பனி காயாமல் பூ மூடியே இருக்கும். வெயில் ஏறிய பிறகு, பத்து மணிவாக்கில் லென்ஸை வெளியே எடுத்தால் சரியாக இருக்கும். தொப்பி, தண்ணீர், ஒரு கனமான ஜாக்கெட். டிசம்பரிலும் மேலே குளிரும்.

பறிப்பது பற்றி: கூடாது. டிராக்கன்ஸ்பர்க் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் செடியில் கை வைப்பது சட்டப்படி குற்றம், இது 2000-இலிருந்து உலகப் பாரம்பரியக் களம். ஒரு முறை கூட வந்த ஆன்ட்டி ஒருவர், “தம்பி, நாலு பூ எடுத்துக்கிட்டா முருகனுக்கு வைக்கலாமே” என்றார். “முருகன் மலையிலதானே இருக்காரு ஆன்ட்டி, இங்கேயே பார்த்துக்கட்டும்” என்று சமாளிக்க வேண்டியிருந்தது. மெத்தைச் செடி மேல் காலும் வைக்காதீர்கள். இவ்வளவு உயரத்தில் வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும், மிதிபட்ட இடம் சீக்கிரம் தேறாது.

படம் எடுக்கும் வரிசை

ஒவ்வொரு செடிக்கும் இவற்றை எடுங்கள்: முழுச் செடி சூழலோடு, பூத்தலை மேலிருந்து, பூத்தலை பக்கவாட்டில், பிறகு அடியிலிருந்து செதில் அடுக்கு தெரியும்படி. இலையின் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. அளவுக்கு ஒரு ராண்ட் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது அடிப்பக்கப் படத்தைத்தான், அடையாளம் சொல்கிறவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். லென்ஸைப் போன் கேமராவின் மேல் ஒட்டிப் பிடித்தால் சிறுமலர்களும் ஓரளவு விழும்.

வீட்டுக்கு வந்ததும் படங்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றுங்கள். தென்னாப்பிரிக்கத் தாவர ஆர்வலர்கள் நிறையப் பேர் புழங்கும் இடம் அது. செயலி தானாகச் சொல்லும் பெயரை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். அது மேல்பக்கப் படத்தைப் பார்த்துவிட்டு அவசரப்படும். செதில் தாளாக இருந்து, பல அடுக்காக இருந்து, கதிர்ச் சிறுமலர் இல்லையென்றால் ஹெலிகிரைசம் என்று பேரினத்தோடு நிறுத்திப் போடுங்கள். இனப் பெயரை அடுத்தவர்கள் வந்து சேர்ப்பார்கள். உயரத்தையும் பாறையா புல்லா என்பதையும் குறிப்பில் எழுதினால் அவர்கள் வேலை சுலபமாகும். டர்பன்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. தாவரவியல் பூங்காவுக்கு அருகிலேயே, தாவரவியலாளர் ஜான் மெட்லி வுட் 1882-ல் தொடங்கிய ஹெர்பேரியம், அதாவது உலர்செடிக் காப்பகம் இருக்கிறது. உலர்த்தி ஒட்டிய செடித் தாள்களைப் பார்க்க விரும்பினால் முதலில் தொடர்புகொண்டு நேரம் கேட்டுக்கொண்டு, உங்கள் படங்களையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.